நாலு ஈயத் துண்டுகள்

என் தங்க நானா,

உன் தங்கச்சியை ஏசுவதென்றால் இப்போதே ஏசிவிடு. நீ பில்லியர்ட்ஸ் ஆடும் கோலை, உன் கியூவைக் கழற்றிவிட்டேன்.

நீ கடலுக்குப் போய்த் திரும்பாமல் எட்டு மாதம். ‘கடல் கொண்டு போயிட்டு’ என்கிறது ஊர். நீ லைஃப் ஜாக்கெட் கேட்டபோது ‘ஒனக்கு நீந்தத் தெரியாதா?’ என்று சிரித்த சம்மாட்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. படகுகள் அவருடையவை. வாய்களும் அவருடையவைதான்.

சனிக்கிழமை நுரைச்சோலையில் பில்லியர்ட்ஸ் போட்டி. பெயர் கொடுத்திருக்கிறேன். “பொம்புளப் புள்ளக்கி இங்க என்ன வேல?” என்றான் உன் கூட்டாளி ஒருவன். “நீங்க தோக்கிறதப் பாக்கத்தான்” என்றேன். ஆனால் உன் கியூ என் கைக்குப் பாரம். சாப்பாட்டு மேசையில் தள்ளிப் பார்த்தேன், அடிப்பக்கம் கீழே இழுக்கிறது.

உம்மா தடுத்தார். “அவன்ட கை பட்ட சாமான். அப்புடியே இரிக்கட்டும் புள்ள.”

“சுவருல தொங்கப் போடவா உம்மா? பல்லி முட்ட இடும்.”

அடி ரப்பரைப் பிடுங்கினேன். ஹோட்டலில் கழித்துப் போட்ட கியூதானே அது. உள்ளே இருக்க வேண்டிய எடை ஆணி இல்லை. அதற்குப் பதிலாக, வலை நூல் சுற்றிய நாலு ஈயத் துண்டுகள் விழுந்தன. பழைய வலையிலிருந்து கழன்றவை. ஒன்று குட்டை, ஒன்று நீளம், ஒன்றில் பாதி தேய்ந்த ஓட்டை. நூலைப் பிரித்து, நான் கேக் மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன். பதினான்கு கிராம். அடுத்ததும் பதினான்கு. நாலும் பதினான்கு!

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன் நானா. நீ இருந்தபோது நம் வீட்டில் தராசே இல்லையே, எப்படிச் செய்தாய்?

பிறகுதான் ஞாபகம் வந்தது. உள்ளங்கை ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பாய். கொஞ்சம் அராவுவாய், மறுபடி மூடுவாய். தூங்குகிறாய் என்று நினைத்து, வேலைவெட்டி இல்லாதவன் என்று ஏசினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று உன்னை எழுதி முடித்தார்களே, அந்தக் கையை எந்தப் பள்ளிக்கூடம் அளந்து பார்த்தது?

இரண்டை எடுத்துவிட்டு இரண்டை மட்டும் உள்ளே போட்டேன், நூல் சுற்றாமல். தள்ளியதும் கிலுகிலு என்று சத்தம்.

“ஆட்டுக்கு மணி கட்டினியா?” உம்மா சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. “அவனும் ஒரு கிழம இப்புடித்தான் கிலுக்கிக்கிட்டுத் திரிஞ்சான். தா இங்க.”

நூலை அவரே சுற்றி முடிச்சிட்டார். கழற்றிய இரண்டு துண்டுகளையும் எடுத்துப் போனார்.

கியூ இப்போது என் கைக்கு நிற்கிறது. சனிக்கிழமை யாராவது இது யாருடையது என்று கேட்டால், என்னுடையது என்பேன். எடை பார்த்தது யார் என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன். லைஃப் ஜாக்கெட் கதையையும் சேர்த்துத்தான் சொல்வேன், மேசையைச் சுற்றி நிற்கிற எல்லோருக்கும் கேட்க. சம்மாட்டியின் மகனும் அங்கேதான் விளையாடுகிறான். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் முதுகில் தொங்கிக்கொண்டே வளர்ந்த தங்கச்சி,
பர்வீன்