காலாவதியாகும் கார்டும் என் கண்ணாடியும்

டிசம்பர் 31, பேர்லேண்ட், அமெரிக்கா

மருத்துவச் செலவுக்கென்று அப்பாவின் சம்பளத்தில் பிடித்த எஃப்.எஸ்.ஏ. கார்டுப் பணம் இன்றோடு காலாவதி. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வருடம் முழுக்க அவர் தொடவில்லை. இன்று மருந்துக்கடையில் பேண்டேஜ், சன்ஸ்கிரீன், சேலம் மாமாவுக்கு ரீடிங் கிளாஸ் என்று அள்ளினார்.

எனக்குப் பவர் மாறி மாதக்கணக்காகிறது. படித்தாலே தலைவலி. பள்ளியை விட்ட எனக்கு இருப்பது பள்ளிச் சான்றிதழுக்கு ஈடான ஜி.இ.டி. பரீட்சை ஒன்றுதான்.

"பக்கத்துலயே கண்ணாடிக்கடை இருக்குப்பா," என்றேன்.

"ஏப்ரல்ல சென்னை போறோமேம்மா. அங்க சீப்பு."

"பரீட்சை மார்ச்ல."

"என்னடி முணுமுணுக்கிற? சத்தமா சொல்லு," என்றாள் அம்மா.

கடையே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். அப்பா கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். கண்ணாடிக்கடையைப் பூட்டியிருந்தார்கள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்கிறார் காரில்.

ஜூனிலிருந்து வேறென்ன சொன்னேனாம்?