அம்மா போர்ட்டோவுக்கு வரும் வாரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? லூப்ளினில் பனி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன்.

நீ வரும் வாரத்துக்குத் திட்டம் போட்டுவிட்டேன். முதல் மூன்று நாள் போர்ட்டோவிலேயே ஆற்றங்கரையில் மெதுவாகச் சுற்றலாம். பிறகு அவைரோ, கிமராய்ஷ், பிராகா என்று நாளுக்கு ஓர் ஊர். காலையில் ரயிலேறினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

பிராகாவில் மலைமேல் இருக்கும் தேவாலயத்துக்குப் படிகள் அதிகம். உன்னால் முடியுமா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை நானே போய் ஏறினேன். பாதியில் கால் பிசகிவிட்டது. பயப்படாதே, வீக்கம் வடிந்துவிட்டது. மேலேயிருந்து வந்த ஒரு பெண்மணி என்னைக் கைபிடித்து இறக்கிவிட்டார்.

"யாருக்காகம்மா இந்தப் பாடு?" என்று கேட்டார்.

அம்மாவுக்காக என்றேன்.

"உங்கம்மா இழுவை ரயில்ல சொகுசா மேல போயிடுவாங்க. உன்னத்தான் யாராவது தூக்கிட்டுப் போகணும்."

இருவரும் சிரித்தோம். வேலையிடத்துக்கு வெளியே நான் ஒருவரோடு பேசிச் சிரித்து நாளாகிவிட்டது.

வரும்போது நீ போடும் வெள்ளரி ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டு வா. ஒரு போர்வையும் வேண்டும், இங்கே ஒன்றுதான் இருக்கிறது.

கடைசி நாளுக்கு எந்த ஊரும் வைக்கவில்லை. அன்றைக்கு நான் தாமதமாக எழுந்திருப்பேன். நீ சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டால் போதும்.

பஸ் வந்துவிடும், கிளம்புகிறேன். இந்த முறையும் தள்ளிப்போடாதே, அம்மா.

உன்
டொரோட்டா