வயலட் செடிகளின் அறை

மேலகரம்,
18-6-1962

குழல்வாய்மொழிக்கு,

சௌபாக்கியவதி என்று எழுதத்தான் கை போயிற்று. பெண்ணுக்கு எழுதும் கடிதத்தை அப்படித் தொடங்குவதுதான் முறை. அந்தச் சொல் உனக்குப் பொருந்தாமல் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது, ஆகையால் வெறும் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். இவ்விடம் நான் சுகம். அவ்விடம் பம்பாயில் நீயும், போன மாதம் என்னை விட்டுவிட்டு உன்னிடம் வந்து சேர்ந்த உன் அம்மாவும், உன் மகளும் சுகமா என்று கேட்க வேண்டும், கேட்டாயிற்று. நடந்ததை உன் அம்மா அழுகையும் மூக்குச் சிந்தலுமாக ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள். அவள் சொல்வதில் முன்னும் பின்னும் இருக்காது. எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். என் வாயாலும் நீ ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

நீ அந்த வேதக்கார, கிறிஸ்தவப் பையனோடு, கம்பவுண்டர் ஞானதிரவியத்தோடு புறப்பட்டுப் போன பிறகு உன் அறையை நான் பூட்டி வைத்து அழுதுகொண்டிருக்கவில்லை. உன் துணிமணியையும் பெட்டியையும் வாசலில் வந்து கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, சட்டி வைக்கப் பலகை அடித்தேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் எஸ்டேட் துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போனார். துரைசாணி அம்மாள் ஜன்னலோரத்தில் ஒரு செடி வைத்திருந்தாள். ஆப்பிரிக்கன் வயலட் என்று பெயர். உள்ளங்கை அகலம்தான் இருக்கும், இலையெல்லாம் பட்டுத்துணி போல ரோமம், நடுவிலே ஊதாப்பூ. அதை என் கையில் கொடுத்து, இதை நீதான் காப்பாற்ற வேண்டும் ஆவுடைநாயகம் என்றாள். மலையில் வளர்ந்ததை இந்தக் கீழ்நாட்டு உஷ்ணத்தில் காப்பாற்றுவது லேசான காரியமா? உன் அறைக்கு வடக்குப் பார்த்த ஜன்னல். வெளிச்சம் வரும், வெயில் வராது. கோடையில் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தேன். செடியின் மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது, இலையில் ஒரு சொட்டு விழுந்தாலும் புள்ளி விழுந்து அழுகிவிடும். சட்டியைத் தண்ணீர்த் தட்டிலே உட்காரவைத்து அதுவாகக் குடிக்கவிட வேண்டும். ஓர் இலையைக் காம்போடு கிள்ளி மணலில் ஊன்றினால் அடியிலே குட்டி விடும். இப்படி ஒன்றிலிருந்து உண்டானவைதான் பலகை முழுக்க நின்றன. பிறகு குளோக்சினியாக் கிழங்கும் சேர்ந்தது, மணி போலச் சிவப்புப் பூ. குற்றாலத்துக்குச் சாரலுக்கு வருகிற கலெக்டர் வீட்டு அம்மாக்கள் எல்லாம் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். உன் அம்மாவை மட்டும் நான் உள்ளே விட்டதில்லை. அவள் மேலே எப்போதும் அடுப்புப் புகை, அது செடிக்கு ஆகாது. வாசலோடு நின்று பார்க்கச் சொல்லியிருந்தேன், அவளும் அப்படியே நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

போன வருஷம் சாரல் நேரத்தில் ஞானதிரவியம் காய்ச்சலில் இறந்துபோனதாக உன் தந்தி வந்தது. அப்போது குளோக்சினியா முழுக்கப் பூத்திருந்தது. உன் அம்மாவிடம் சொன்னால் என்ன நடக்கும்? ஒப்பாரி வைப்பாள், தெருவே வீட்டுக்குள் வரும், வருகிறவள் ஒவ்வொருத்தியும் பூவைத் தொட்டுப் பார்ப்பாள். பூ ஓயட்டும் என்று இருந்தேன். பூ ஓய்ந்த பிறகு, இனி எதற்கு என்று தோன்றியது. அவளுக்கு எழுத்துக்கூட்டவும் தெரியாது, நீ எழுதுவதை நான்தான் படித்துச் சொல்வேன். மாப்பிள்ளை சுகம், மாப்பிள்ளைக்குச் சம்பளம் கூடியிருக்கிறது, மகாபலேஸ்வரத்துக்கு மூவருமாகப் போய் வந்தீர்கள் என்றெல்லாம் படித்தேன். அவளுக்குச் சந்தோஷம். அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

மார்ச் மாதத்தில் நீ எழுதினாய், நீ நர்சு வேலைக்குப் படிக்கப் போவதாகவும், ஹாஸ்டலில் குழந்தையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்றும், உன் பழைய அறையில் அவள் ஒரு மூலையில் இருந்து இங்கே பள்ளிக்கூடம் போகட்டும் என்றும். நான் பதில் போடவில்லை. பதில் வரவில்லை என்றால் அது என்ன பதில் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நீ சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாக வருவாய். உன் கட்டிடத்தில் கடை வைத்திருக்கும் தென்காசி துல்கர்னைன் பாய் ஊருக்கு வருகிறார் என்றதும் அவரோடும் அவர் சம்சாரம் ஹைருன் பீவியோடும் அந்தப் பெண்ணை ரயிலேற்றி அனுப்பிவிட்டாய். ரெபேக்காள் என்று பெயராம். எழுதத்தான் வருகிறது, கூப்பிட என் நாக்குக்கு வரவில்லை.

அவள் வந்திறங்கிய அன்று நான் ஊரில் இல்லை. ஆரியங்காவுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் புது மானேஜர் சம்சாரத்திடம் அடுக்கு வயலட் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஓர் இலை வாங்கிவரப் போயிருந்தேன். பாய் பிள்ளையை வீட்டில் விட்டுப் போயிருக்கிறார். உன் அம்மா அதைக் கட்டிக்கொண்டு, உங்க அப்பா எப்படி இருக்காவ, லீவு கிடைக்கலியா என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அது, அப்பா செத்துப்போயிட்டாங்களே ஆச்சி, உங்களுக்குத் தெரியாதா என்றதாம். இதெல்லாம் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துவரும் இசக்கி சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் அம்மா அழுவாள் என்று இசக்கி பயந்தாளாம். அவள் அழவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பத்து வருஷமாகக் காலெடுத்து வைக்காத அறைக்குள் போய்ச் சட்டி சட்டியாகத் தூக்கி வந்து முற்றத்தில் வரிசையாக வைத்தாளாம். இசக்கி ஒரு சட்டியைப் பிடிக்கப் போனதற்கு, நீ தொடாத, இது என் சோலி என்றாளாம். பிறகு அறையைக் கழுவி, பாய் விரித்து, பிள்ளையைப் படுக்கவைத்திருக்கிறாள். மேலே கத்திரி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நான் மறுநாள் காலை ரயிலில் வந்தேன். இலையை ஈரப் பாசியில் சுற்றித் தூக்குச்சட்டிக்குள் வைத்து, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்ததும் முற்றத்தைப் பார்த்தேன். கீரையை வேகவைத்துப் பிழிந்து போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தன அத்தனையும். பூவெல்லாம் காகிதமாகிவிட்டது. உன் அம்மாவை நான் திட்டக்கூட இல்லை. இவளுக்கு என்ன தெரியும், அறிவில்லாமல் செய்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். வெயில் ஆகாது என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? தட்டி கட்டி, தண்ணி தெளிச்சு, நீங்க அதுகளைச் சீராட்டுதத வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன். தெரிஞ்சுதான் வச்சேன்" என்றாள். அதோடு விட்டாளா? "எம் மவ தாலியறுத்து நிக்கா. நீங்க அவனுக்குச் சம்பளம் கூடிருக்குன்னு படிச்சீய. செத்தவனுக்காக நான் போயி இலஞ்சிக் கோயில்ல தேங்கா ஒடச்சுட்டு வந்தேன்" என்றாள். சத்தம் போடவில்லை, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

அந்தப் பெண் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஞானதிரவியத்தின் மூஞ்சியை அப்படியே உரித்து வைத்திருக்கிறது. தாத்தா, நான் பூவைத் தொடவே இல்லை என்றது. நான் அதன் பெட்டியை எடுத்து முற்றத்தில் செடிகளுக்கு நடுவே வைத்து, அந்தப் பெட்டி மேல் போய் உட்கார், நான் சொல்லும் வரை எழுந்திருக்கக் கூடாது என்றேன். செருப்பில்லாமல் போய் உட்கார்ந்தது. உன் அம்மாவிடம், செடிக்கு இந்த வெயில் போதும் என்று வைத்தாயே, உன் பேத்திக்கும் போதுமா என்று இங்கேயே நின்று பார் என்றேன். அவள் ஓடிவந்து என் காலில் விழுவாள், செய்தது தப்பு என்பாள், நானும் விட்டுவிடுவேன் என்று நினைத்தேன். அவள் விழவில்லை. முற்றத்தில் இறங்கிப் போய்த் தரையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டு, முந்தானையால் அதன் தலையை மூடிக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே இருந்தாள். ஆச்சி, கால் சுடுது என்று அது முனகியது. அதன் காலை எடுத்துத் தன் சேலைக்குள் வைத்துக்கொண்டாள். நான் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். உள்ளே வா என்று நான் சொல்லியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். தப்பு செய்தவள் அவள், முதலில் வாய் திறக்க வேண்டியவளும் அவள்.

இசக்கிதான் தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி, பாயை அழைத்து வந்தவள். குதிரை வண்டியோடு வந்து நின்றார். "அண்ணாச்சி, செடி போச்சுன்னா வேற செடி வச்சுக்கிடலாம். இந்தப் பச்சப்புள்ள உங்களுக்கு என்ன செஞ்சுது? பாருங்க, உதடெல்லாம் காஞ்சு கெடக்கு" என்றார். என் வீட்டு முற்றத்தில் நின்று எனக்கு நியாயம் சொல்ல நீர் யார் வே என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, பெட்டியை எடுத்து வண்டியில் வைத்தார். உன் அம்மா எழுந்தாள். கால் மரத்துப்போய் ஒரு தடவை தடுமாறினாள், சமாளித்துக்கொண்டு பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள், அத்தனை பெரிய பிள்ளையை. இந்தப் படியைத் தாண்டினால் திரும்பி ஏற முடியாது என்று சொன்னேன். அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஒரு மாற்றுச் சேலை எடுக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவர்கள் பம்பாய்க்குப் புறப்படும் வரை தென்காசியில் ஹைருன் பீவி வீட்டில்தான் இருந்தாளாம், அங்கேயேதான் சாப்பாடாம். எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாததை எல்லாம் அவள் செய்து முடித்துவிட்டாள்.

உன் மாமா பால்வண்ணநாதன் சுரண்டையிலிருந்து வந்து, அக்கா எங்க என்று கேட்டான். குற்றாலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போனான். இசக்கி வேலைக்கு வருவதில்லை, நானே சமைத்துக்கொள்கிறேன். சாரல் தொடங்கிவிட்டது, வடக்கு ஜன்னலில் வெளிச்சம் மெத்தென்று விழுகிறது. கருகியவற்றில் சில அடிக்கட்டையில் துளிர்த்திருக்கின்றன. ஆரியங்காவு இலையும் குட்டி விட்டிருக்கிறது. பலகை மீண்டும் நிறைந்துவிடும். ஆகையால் அறை இருக்கிறது, இடம் இருக்கிறது என்று நீயோ உன் மகளோ இனி எந்த நாளும் நினைக்க வேண்டாம். என் காலத்துக்குப் பிறகும் வேண்டாம், அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டேன்.

அம்மாவை வைத்திருக்கிறாயே என்பதற்காகச் சில விஷயங்கள் எழுதுகிறேன். விடியற்காலையில் அவளுக்கு இருமல் வரும், சுக்கு தட்டிப்போட்ட வெந்நீர் கொடுத்தால் நிற்கும். தானாகக் கேட்க மாட்டாள். கத்தரிக்காய் உடம்புக்குச் சேராது, ஆனால் வைத்தால் சாப்பிட்டுவிடுவாள், நீதான் வைக்காமல் இருக்க வேண்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும், ஆகையால் சுவர் அவளுக்கு வலது பக்கம் இருக்கட்டும். இதையெல்லாம் அவள் மீது உள்ள பிரியத்தில் எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிடாதே. பம்பாயில் வைத்தியச் செலவு அதிகம் என்று கேள்வி.

குற்றாலநாதர் உன்னையும் உன்னைச் சேர்ந்தவர்களையும் காப்பாற்றட்டும். உங்களுக்கு என்னால் ஆகாததை அவராவது செய்யட்டும். இதுவே என் ஆசீர்வாதம்.

ஒன்று மறந்துவிட்டேன். உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த பிறகு போட்ட தடிக் கண்ணாடி முற்றத்தில் சட்டிகளுக்கு இடையே கிடந்தது. வெயிலில் வியர்வையைத் துடைக்கக் கழற்றி வைத்திருப்பாள். அது இல்லாமல் அவளுக்குப் படியும் தரையும் ஒன்றுதான், எதிரே நிற்பவர் யார் என்றும் தெரியாது. துடைத்து என் மேஜை மேலே வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன், உடைந்துபோகும். துல்கர்னைன் பாயிடமும் கொடுக்க மாட்டேன். வேண்டுமானால் அவளே வந்து வாங்கிக்கொள்ளட்டும். தனியாக வரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஆவுடைநாயகம்