துப்பாக்கியின் மூக்கில் தொங்கும் அறுநூற்று நாற்பது கிராம் குறித்து

அனுப்புநர்:
குன்ஹில்ட் ஹெல்கிரேன் (வயது 56),
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
லோங்மீர் கிராமம், வடக்கு ஸ்வீடன்.

பெறுநர்:
வனவிலங்கு மேலாண்மை அலுவலர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: லோங்மீர் மூஸ் வேட்டைக் குழுவின் ஆறாம் விதியை நீக்கவும், பறிக்கப்பட்ட நான்காம் எண் பரணை எனக்குத் திரும்ப வழங்கவும், வரவேண்டிய கேக் ஒன்றை வரவழைக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலக முத்திரை பெற்ற குழு விதித்தாள்.
2. குழுத் தலைவர் திரு. ஸ்டூரே நெஸ்லுண்ட் எனக்கு எழுதிய 17.8.2023 தேதியிட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. லோங்மீர் வேட்டைக் குழுவில் நான் இருபத்து மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். குழுவில் பன்னிரண்டு பேர், மூன்று நாய்கள். நான்காம் எண் பரண் என் பொறுப்பில் இருந்தது. அது சதுப்பு நிலத்தின் ஓரத்தில், பிர்ச் மரங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் உள்ளது. நாய் விரட்டினால் மூஸ், அவ்வளவு பெரிய மான், அந்த வழியாகத்தான் ஓடிவரும். ஆகவே ஓடுகிற விலங்கைச் சுடத் தெரிந்தவரைத்தான் அங்கே நிறுத்துவது எங்கள் வழக்கம். நான் முதல் இருபத்திரண்டு பருவங்களில் பதினேழு மூஸ் சுட்டேன். ஒன்றுகூடக் காயத்தோடு ஓடியதில்லை. தன்னைத்தானே புகழ்வது எங்கள் ஊரில் அநாகரிகம் என்பதை அறிவேன். மனுவுக்குத் தேவைப்படுவதால் இந்த ஒருமுறை மட்டும் அநாகரிகமாக நடந்துகொள்கிறேன்.

2. சென்ற ஆண்டு கோடையில் தலைவர் ஸ்டூரே, வெடிச் சத்தத்தால் தன் நாய் பிர்க்கின் காது கெடுகிறது என்றும், இனி எல்லோரும் துப்பாக்கியில் சைலன்சர் மாட்ட வேண்டும் என்றும் சொன்னார். நல்ல யோசனை. நானே முதலில் கை தூக்கினேன். முப்பது பிள்ளைகள் கத்துவதைத் தினமும் இரண்டு வேளை கேட்கும் காதுகள் என்னுடையவை. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற எனக்கும் ஆசை உண்டு.

ஆனால் ஸ்டூரே விலைப் புத்தகத்தைத் திறந்து, எது அதிகமாகச் சத்தத்தை அடக்கும் என்ற ஒரே கட்டத்தை விரலால் தடவிப் பார்த்து, பட்டியலின் உச்சியில் இருந்ததைப் பன்னிரண்டு பேருக்கும் வரவழைத்துவிட்டார். பக்கத்துக் கட்டத்தில் எடை போட்டிருந்தது. அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். எழுபத்தொரு வயதான ஸ்டூரே கூட்டத்தில் கண்ணாடி போடுவதில்லை. வந்து சேர்ந்தது இருபத்திரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகு உருளை. எடை அறுநூற்று நாற்பது கிராம். "இந்த மாதிரியைத் தவிர வேறெதுவும் மாட்டக் கூடாது" என்பதே ஆறாம் விதி. அதன் கீழே தங்கள் அலுவலக முத்திரை மிகவும் நேராகவும் அழகாகவும் விழுந்திருக்கிறது.

3. தாங்கள் மேசைப் பணியில் இருப்பவர் என்பதால் ஒரு சிறு விளக்கம். வேட்டைத் துப்பாக்கியின் எடை இரண்டு கைகளுக்கும் நடுவே, தோட்டாப் பெட்டியின் முன் ஓரத்துக்கு அருகே நிற்க வேண்டும். என் துப்பாக்கியில் அப்படித்தான் நின்றது. அதன் குழல் அறுபது சென்டிமீட்டர். அதன் நுனியில் இந்த உருளையைத் திருகியதும் எண்பத்திரண்டு ஆனது. ஒரு துடைப்பக் கழியின் மேல் துப்பாக்கியைக் குறுக்கே வைத்துச் சமநிலை பார்த்தேன். எடை நிற்கும் இடம் ஒன்பது சென்டிமீட்டர் முன்னால் போயிருந்தது. அதாவது என் இடது கை மட்டும் தனியாகக் கூலி வேலை பார்க்க வேண்டும்.

ஸ்டூரே இதை எப்படிச் சோதித்தார் என்று கேட்பீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, துப்பாக்கியை மணல் மூட்டை மேல் சாய்த்து, ஐந்து முறை சுட்டார். "ஆகா, பூனை தும்முற மாதிரி இருக்கு!" என்று மகிழ்ந்தார். மணல் மூட்டைக்குக் கை வலிக்காது ஐயா. ஸ்டூரேயின் பரணில் துப்பாக்கியைச் சாய்க்கக் கம்பி உண்டு, காலடியில் எரிவாயு அடுப்பு உண்டு. அவருடைய குழலும் ஐம்பது சென்டிமீட்டர்தான். என் பரணில் நின்றுதான் சுட வேண்டும்.

4. இந்தப் பத்தியில் கேலி இல்லை. சென்ற செப்டம்பரில், வேட்டையின் இரண்டாம் நாள் காலை, பிர்க் குரைப்பது கேட்டுத் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினேன். குரைப்பு நெருங்கியது, விலகியது, மறுபடி நெருங்கியது. நான்கு நிமிடம் அப்படியே நின்றேன். இடது கை நடுங்கத் தொடங்கியது. இரண்டு வயது ஆண் மூஸ் ஒன்று வெளியே வந்து இடமிருந்து வலமாக ஓடியது. அதன் தோள்பட்டையைத்தான் குறிவைத்தேன். குழலின் நுனி என் சொல்லைக் கேட்கவில்லை. அது பின்தங்கியது, தாழ்ந்தது. குண்டு வயிற்றில் பட்டது.

மூன்று மணி நேரம் நாயோடு தடம் பிடித்துப் போனோம். ஓடைக் கரையில் படுத்திருந்தது. எங்களைப் பார்த்து எழ முயன்றது, முடியவில்லை. அதை நானே முடித்துவைத்தேன். குழுவினர் எங்கள் ஊர் வழக்கப்படி காபியில் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டுக் கையில் கொடுத்தார்கள். என்னால் குடிக்க முடியவில்லை. சுட்டவள் நான், விரல் என்னுடையது, பழியும் என்னுடையது. கை நடுங்கியபோதே துப்பாக்கியை இறக்கியிருக்க வேண்டும். அந்த மூன்று மணி நேரத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

5. மே மாதம் எங்கள் குழுவின் பயிற்சித் தேர்வு நடந்தது. எண்பது மீட்டர் தூரத்தில் ஒட்டுப்பலகை மூஸ் ஒன்று கம்பி வடத்தில் ஓடும். நின்றபடி நான்கு முறை சுட வேண்டும். நான்கில் இரண்டைத் தவறவிட்டேன். பின்னாலிருந்து ஸ்டூரேயின் குரல் கேட்டது: "என்ன குன்ஹில்ட், சுடுறியா, தூண்டில் போடுறியா? முன்னாடி அப்படித் தொங்குது!"

"தூண்டில்ல மீன் மாட்டினாக்கூட இவ்வளவு கனம் இருக்காது ஸ்டூரே" என்றேன். "இந்தா, நீயே பிடிச்சுப் பாரு."

"துப்பாக்கி மேல பழி போடாத. வயசாயிடுச்சு, அவ்வளவுதான். போய்க் கண்ணைக் காட்டு."

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் வாயால் இதைக் கேட்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்கவும் முடியவில்லை. என் துப்பாக்கியை வாங்கி, நின்றபடி, பல ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக, ஓடும் மூஸைச் சுட்டார். முதல் குண்டு புல்லில் இறங்கியது. இரண்டாவதும் புல்லில். மூன்றாவதற்கு நுனியை வெடுக்கென்று தூக்கி இழுத்தார். அது வடத்தைத் தாங்கும் கம்பத்தில் பட்டு, வடம் ஓடும் கப்பிச் சக்கரம் தெறித்து விழுந்தது. ஒட்டுப்பலகை மூஸ் பாதி வழியில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"ஸ்டூரே, மூஸ் அந்தப் பக்கம்! கம்பம் உன்னை என்னப்பா பண்ணுச்சு?" என்று யாரோ கேட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவருடைய மருமகன் ராஸ்முஸ்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

"இதோட தொலைநோக்கி கோணலா இருக்கு" என்றார் ஸ்டூரே. உடனே அதே துப்பாக்கியை மணல் மூட்டையில் வைத்து மூன்று முறை சுட்டுக் காட்டினேன். இலக்கின் நடுவில் விழுந்த மூன்று துளைகளையும் ஒரு நாணயத்தால் மூடலாம். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் குழுவில் தேர்வில் தவறவிடுபவர் அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். நான் கொண்டுபோனேன். மூன்றுக்கு மூன்றையும் தவறவிட்டு ஒரு கம்பத்தையும் வீழ்த்திய தலைவரின் கேக் இன்றுவரை வரவில்லை.

6. ஜூனில் பக்கத்து ஊர்த் துப்பாக்கிப் பழுதாளர் ஆர்விதிடம் போனேன். அவர் என் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும், "யாரு இதோட தலையில இரும்பு உலக்கையைக் கட்டினது?" என்று கேட்டார். விதி கட்டியது என்றேன். தங்கள் முத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்கு மரியாதை உண்டு.

குழலை நாற்பத்தைந்தாக வெட்டிவிடலாமா என்று கேட்டேன். கோபத்தில் கேட்டதுதான். ஆர்வித் மறுத்துவிட்டார். "அவ்வளவு வெட்டினா குண்டு வேகமும் போகும், சத்தமும் கூடும். அதை அடக்க மறுபடி பெரிய சைலன்சர் கேட்பே. சுத்திச் சுத்தி இதே கடைக்குத்தான் வருவே. எனக்கு லாபம்தான், ஆனா உனக்கு வேண்டாம்." ஐம்பத்திரண்டில் நிறுத்தினோம். எட்டு சென்டிமீட்டர் போனதில் குண்டு நொடிக்கு இருபது மீட்டர் சொச்சம் வேகம் இழந்தது. நாங்கள் எண்பது மீட்டருக்குள் சுடுகிறோம். அந்தத் தூரத்தில் மூஸுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. சைலன்சருக்கு முந்நூற்று நாற்பது கிராமில், பாதி உடல் பின்னோக்கிக் குழலின் மேலேயே உட்காரும் வகையைத் தேர்ந்தெடுத்தோம். முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். ஆக மொத்தம் அறுபத்து நான்கு. எடை நிற்கும் இடம் பழைய இடத்திலிருந்து இரண்டே சென்டிமீட்டர் முன்னால். அதையும் ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டேன். "முன்னாடி கொஞ்சம் கனம் இருந்தாத்தான் ஓடுற மிருகத்தோட சீராத் திரும்பும். ரொம்ப லேசாப் போனா நாய் வால் மாதிரி ஆடும்" என்றார்.

7. ஆகஸ்ட் 13, ஞாயிறு, மறுதேர்வு. கம்பம் சரிசெய்யப்பட்டிருந்தது. நின்றபடி நான்கு முறை சுட்டேன். நான்கும் நெஞ்சு வட்டத்துக்குள். பிர்க் என்னிடமிருந்து பத்தடி தள்ளிப் படுத்திருந்தது. நான்காவது வெடிக்கு அது கொட்டாவி விட்டதைப் பதினோரு பேர் பார்த்தார்கள். விதியின் நோக்கம் நாயின் காது என்றால், நாய் தன் சாட்சியத்தைச் சொல்லிவிட்டது.

நான்கு நாள் கழித்துக் கடிதம் வந்தது. என் சைலன்சர் ஆறாம் விதிக்குப் பொருந்தவில்லை என்பதால் தேர்வு செல்லாது. நான்காம் பரண் இந்தப் பருவத்தில் ராஸ்முஸுக்கு. "திருமதி ஹெல்கிரேனின் நீண்ட அனுபவத்தைக் கருத்தில் கொண்டு" காபிப் பொறுப்பு எனக்கு. ராஸ்முஸ் நல்ல பிள்ளை. இது அவருக்கு முதல் பருவம். ஓடும் மூஸை இன்னும் சினிமாவில்கூடப் பார்த்ததில்லை. அவர் துப்பாக்கியின் குழல் அறுபத்தைந்து சென்டிமீட்டர். அதன் நுனியில் அந்த எஃகு உருளை இருக்கிறது. அந்தப் பரணில் அவர் கை நான்காம் நிமிடத்தில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வயிறு எரிகிறது ஐயா, பரண் போனதற்காக மட்டும் அல்ல.

8. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

அ) ஆறாம் விதியில் மாதிரியின் பெயரை அடித்துவிட்டு, "சைலன்சர் மாட்டியிருக்க வேண்டும், மாட்டிய துப்பாக்கியோடு நின்றபடி தேர்வில் தேற வேண்டும்" என்று எழுத வேண்டும். தலைவருக்கும் சேர்த்து.

ஆ) செப்டம்பர் 4 திங்கட்கிழமை வேட்டை தொடங்குமுன் நான்காம் பரணை எனக்குத் தர வேண்டும். முடியாவிட்டால், நின்று சுடத் தெரிந்த வேறு யாருக்காவது கொடுங்கள். நான் காபி போடுகிறேன், முகம் சுளிக்க மாட்டேன். அந்த உருளையை மாட்டிய துப்பாக்கியோடு மட்டும் யாரும் அங்கே ஏறக் கூடாது.

இ) கேக். பச்சைப் பாதாம் பசை, அதாவது மார்சிபான், போர்த்தியது. பன்னிரண்டு துண்டு.

9. முடிவெடுக்குமுன் ஒரு சிறு சோதனை செய்துபார்க்க வேண்டுகிறேன். சைலன்சரைத் தபாலில் அனுப்புவது முறையல்ல என்பதால், அதே எடையில் காபித்தூள் பொட்டலம் ஒன்றை இணைத்துள்ளேன். காபிப் பொறுப்பு என்னிடம் இருப்பதால் கைவசம் இருந்தது. இது லஞ்சம் அல்ல, திருப்பி அனுப்பிவிடவும். தங்கள் அலுவலகத் துடைப்பத்தின் நுனியில் பொட்டலத்தைக் கட்டி, மறுமுனையைத் தோளில் வைத்து, எழுந்து நின்று, எதிர்ச் சுவர்க் கடிகாரத்தின் பன்னிரண்டைக் குறிவையுங்கள். நாற்காலியும் மணல் மூட்டையும் கூடாது. நான்கு நிமிடம் அப்படியே நின்றுவிட்டு, நுனி இப்போது எந்த எண்ணைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். எனக்கு நீண்ட பதில் வேண்டாம். அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் போதும். அது ஆறு என்றால், அந்த ஆண் மூஸின் வயிறு அங்கேதான் இருந்தது.

இடம்: லோங்மீர்
நாள்: 24.8.2023

தங்கள் பதிலை எதிர்நோக்கி நிற்கும்,
(கையொப்பம்)
குன்ஹில்ட் ஹெல்கிரேன்

இணைப்பு:
1. காபித்தூள், 640 கிராம்.
2. வெட்டியெடுத்த குழல் துண்டு, 8 சென்டிமீட்டர். இதைத் திருப்பித் தர வேண்டாம். முத்திரையிடும்போது காகிதம் பறக்காமல் மேலே வைத்துக்கொள்ளலாம், அதற்குள் ஒருமுறை படித்துவிடவும் நேரம் கிடைக்கும்.