எல்லாம் என் வீட்டுக்காரருக்குத்தான்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆடிப்பெருக்குக்கு, அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டாயிற்று. இனி தை பிறக்கும்வரை எங்கள் அச்சகத்தில் யாருக்கும் உடம்புக்கு வரக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான். அதனால் இன்று காலை கழிப்பறையில் நான் எதையும் பார்க்கவில்லை.

பார்த்தேன். சிவப்பு.

ஆகஸ்ட் 6

பீட்ரூட்! கொழுந்தன் மனைவி சுப்புலட்சுமி கொடுத்தனுப்பிய பீட்ரூட் அல்வா. அவள் செய்கிற எது என் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது?

ஆகஸ்ட் 14, வியாழன்

அல்வா தீர்ந்து ஒரு வாரமாகிறது. சிவப்பு தீரவில்லை.

இருபது வருடமாக எங்கள் அச்சகத்தில் கலர் பார்ப்பவள் நான். லட்சுமி படத்துப் புடவையில் சிவப்பு ஒரு பொட்டு ஏறினாலும் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இது பளீர்ச் சிவப்பு. பழைய ரத்தமென்றால் கறுத்திருக்கும். ஆகவே இது வாசலுக்குப் பக்கத்திலிருந்து வருவது. ஆகவே மூலம். ஆகவே பயமில்லை. நானே பார்த்து நானே ஓகே போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஜாக்கெட் தொளதொளவென்று இருக்கிறது. இளைத்துவிட்டாய் என்று வீட்டுக்காரர் சொன்னார். சந்தோஷப்பட்டேன், வெட்கமில்லாமல்.

ஆகஸ்ட் 28, வியாழன்

டாக்டர் செழியனிடம் போனேன். என் மகனோடு படித்தவன். எங்கள் வீட்டுக் குழிப்பணியாரம் அவ்வளவும் அவன் வயிற்றுக்குள்தான் போனது. அவனிடம் போய் இதை எப்படிச் சொல்வது? வாய் திறந்ததும் தானாக வந்துவிட்டது: "எல்லாம் எங்க வீட்டுக்காரருக்குத்தான்பா. ரத்தம் போகுது."

அவன் சிரிக்கவில்லை. எத்தனை நாளாக, வலி உண்டா, போகிற வழக்கம் மாறியிருக்கிறதா, எடை குறைந்ததா, அசதி உண்டா என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் உண்மையையே சொன்னேன். ஆளை மட்டும் மாற்றினேன். பளீர்ச் சிவப்புதான் என்று என் தொழில் ஞானத்தையும் சேர்த்தேன். அதற்கு அவன், நிறம் எங்கிருந்து வருகிறது என்று ஓரளவுக்குத்தான் காட்டும், எதனால் வருகிறது என்று காட்டாது என்றான். மூலமாகவே இருக்கலாம், ஆனால் பார்க்காமல் மூலம் என்று அவனே சொல்ல மாட்டானாம். நிறையப் போனாலோ, தலை சுற்றினாலோ, தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ அவனுக்காகக்கூடக் காத்திருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம்.

கடைசியில் ஒன்று கேட்டான். "மாமா வீட்டுல யாருக்காவது குடல்ல புற்றுநோய் இருந்துச்சா அத்தை?"

இல்லை என்றேன். பொய்யில்லை. அவர் வீட்டில் யாருக்கும் இல்லை.

ஆகஸ்ட் 29

என் அப்பாவுக்கு இருந்தது.

செப்டம்பர் 1, திங்கள்

மாமாவைக் கூட்டி வாருங்கள் என்று செழியன் சொன்னதை நான் காற்றில் விட்டேன். அவன் விடவில்லை. இன்று அச்சகத்துக்கே போன் போட்டு, "ரத்தம் போகுதாமே மாமா" என்று கேட்டான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மெஷின்காரர் வரைக்கும் செய்தி போய்விட்டது.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "சரிப்பா, வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எனக்கு ஏதோ மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை?

செப்டம்பர் 4, வியாழன்

சுப்புலட்சுமி கட்டுக்கட்டாகத் துத்திக்கீரை அனுப்பிக்கொண்டிருக்கிறாள். மூலத்துக்கு அதுதான் மருந்தாம். உடம்பில் ஒரு குறையும் இல்லாத மனிதர் மூன்று வேளையும் அதைத் தின்கிறார். பார்க்க வருகிறவர்கள் அவருக்கு மெத்தென்று நாற்காலி தேடுகிறார்கள். பாவம். ஆனால் அடக்க முடியவில்லை, அடுப்படியில் நின்று சிரித்தேன்.

அப்புறம் அப்பா ஞாபகம் வந்தது. அவரும் மூலம், மூலம் என்றேதான் ஒரு வருடத்தைக் கழித்தார். இப்படி விளையாடிக்கொண்டே நானும் போய்விடுவேனோ? பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமா இருக்கு.

செப்டம்பர் 8, திங்கள்

இரண்டு பேரும் செழியனிடம் போனோம். அவன் கையுறையை மாட்டிக்கொண்டு, மாமா, திரைக்குப் பின்னால் வந்து படுங்கள் என்றான். அவர் எழுந்திருக்கவே இல்லை.

"ஏலே செழியா, வீட்டுல இருக்கது நாங்க ரெண்டே பேரு. எனக்கு இல்லேன்னு எனக்கு நல்லாத் தெரியும். நீயே கணக்குப் போட்டுக்கோ."

நான் தரையைப் பார்த்தேன். அப்படியானால் போன் வந்த அன்றே தெரியும். தெரிந்தேதான் அத்தனை கீரையையும் தின்றிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று வெளியே வந்து சண்டை போட்டேன். சொல்லியிருந்தால் நீ இங்கே வந்திருக்க மாட்டாய் என்றார். உண்மைதான். அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

அதற்கு முன்னால் உள்ளே, என் அப்பாவைப் பற்றிச் சொன்னதும் செழியன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "இத மொதல்லயே சொல்லியிருக்கணும் அத்தை" என்றான். ரத்தம் சோதித்தார்கள். சோகை. மதுரையில் குழாய் விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்க வேண்டுமாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

குடலைச் சுத்தம் பண்ண மருந்துத் தண்ணீர். இன்று நான் குடியிருப்பது கழிப்பறையில்தான். துணைக்குத் தானும் சாப்பிடவில்லை என்றார். சட்டையில் எண்ணெய்ப் பரோட்டா வாசனை.

செப்டம்பர் 13, சனி

முடிந்தது. மயக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. இதற்காகவா ஒரு மாதம் நடுங்கினேன்? மூலம் கொஞ்சம் இருக்கிறதாம். அதற்கு மேலே, உள்ளே, சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. அப்போதே எடுத்துவிட்டார்கள். சோதனைக்குப் போயிருக்கிறது.

செப்டம்பர் 17

ஒன்றும் எழுத ஓடவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

புற்று இல்லை. விட்டிருந்தால் ஒருநாள் ஆகியிருக்கக்கூடிய வகையாம். செழியன் சொல்கிற கெடுவில் திரும்பத் திரும்ப வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டுப் பேப்பர் ரீல்களுக்குப் பின்னால் போய் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 26, ஞாயிறு

சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் எல்லோரும் வீட்டுக்காரரிடம், இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அந்த மனிதர் ரசித்து ரசித்து விவரம் சொன்னார், குழாயின் நீளம் உட்பட. எனக்குப் பொறுக்கவில்லை. என் குழாயை இவர் எப்படி எடுத்துக்கொள்ளலாம்? ரத்தம் போனது எனக்கு என்று சத்தமாகவே சொன்னேன். சாம்பார் வாளி பாதி வழியில் நின்றது. அப்புறம் ரசம் வந்தது.

சாயங்காலம் சுப்புலட்சுமி பின்வாசல் வழியாக வந்தாள். கையில் கீரை இல்லை. "அக்கா, எங்க வீட்ல அவுகளுக்கும் ஒரு மாசமா அப்படிப் போகுதாம். உங்ககிட்ட கேக்கச் சொன்னாக" என்றாள்.

உட்காரச் சொன்னேன். காப்பி கொடுத்தேன். காப்பியை ஆற்றிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, "உங்க அம்மா வீட்டுல யாருக்காவது குடல்ல கட்டி இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"எங்க சின்னம்மாவுக்கு இருந்துச்சு" என்று தொடங்கியவள், அப்படியே நிறுத்திவிட்டாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு செழியனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சீட்டு அவள் பேரில்தான்.