விட்டுப்போன பூட்டுமூடியும் சங்கத்தின் மூன்று நாற்காலிகளும்

அனுப்புநர்:
"ரெஜிஸ்டரம்மா" என்று அழைக்கப்படும்
ஓய்வுபெற்ற சலவைக்கூடத் தொழிலாளி,
பெரிய மருத்துவமனையின் பின்தெரு,
மருந்துக்கடைக்கு மேல்மாடி.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
சுகாதாரத் துறை,
தலைமை அலுவலகம், மூன்றாம் மாடி.

பொருள்: மருத்துவமனைப் பெண் பணியாளர் சங்கத்தை இரண்டு கேள்வி நாள்களுக்கு விலக்கி வைத்த உத்தரவை நீக்கி, தவறு செய்த என்னை மட்டும் விலக்கி வைக்குமாறு வேண்டுவது தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக உத்தரவு, அக்டோபர் நான்காம் தேதி.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவை நானே என் கையால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு மறுபடி எழுதக் கற்றுக்கொடுத்தது தாங்கள் விலக்கி வைத்திருக்கும் இதே சங்கம்தான். எழுத்து கோணலாக இருந்தால் குறை என்னுடையது. எழுத்தென்று ஒன்று இருக்கிறதே, அது அவர்கள் தந்தது.

1. நான் முப்பத்தொரு வருடம் பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்தேன். எந்த வார்டுக்கு எந்த நாளில் எத்தனை விரிப்பு போனது என்று கேட்டால் இன்றும் சொல்வேன். அதனால்தான் ரெஜிஸ்டரம்மா என்ற பெயர். நல்லதை நினைவு வைப்பதைவிடக் கெட்டதை நன்றாக நினைவு வைப்பேன் என்று என் மருமகள் சொல்வாள். அதில் பொய் இல்லை. இந்த மனுவே அதனால் வந்த வினைதான்.

2. முதலில் நன்றிகளைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது சலவைக்கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. புறநோயாளிகள் பகுதிவரை நடந்துபோய் வரிசையில் நிற்க வேண்டும். அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், தண்ணீரிலேயே நின்று வேலை பார்த்தோம். பெண்களுக்கு வேலையிடத்தில் சம உரிமை என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. அதைச் செய்தீர்களா என்று பெண்கள் சங்கங்கள் வருடத்துக்கு இரண்டு முறை அதிகாரிகளை நேரில் உட்காரவைத்துக் கேட்கலாம் என்று கேள்வி நாளும் வைத்தது. எங்கள் சங்கத்துக்கு மூன்று நாற்காலி கிடைத்தது. கழிப்பறைக்கு ஆறு கேள்வி நாள் பிடித்தது. உடை மாற்றும் அறைக்கு இரண்டு. ரப்பர் கையுறைக்கு ஒன்றே ஒன்று, ஏனென்றால் அந்தக் கூட்டத்துக்குத் தாங்கள் புதிதாக வந்திருந்தீர்கள். கழிப்பறையைத் திறந்துவைத்த அன்று தாங்கள் எல்லார் முன்னாலும், "இதுக்கு ஆறு கூட்டம் ஆயிருக்கக் கூடாதும்மா, தப்பு எங்க மேலதான்" என்று சொன்னீர்கள். வெளிர்நீலச் சட்டை போட்டிருந்தீர்கள். இடது கைப் பொத்தான் ஒன்று இல்லை. தப்பு என்று ஒத்துக்கொண்ட அதிகாரியை என் ஆயுளில் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அந்தச் சொல்தான் இன்று எனக்கு இதை எழுதத் தைரியம் தருகிறது.

3. எங்கள் சங்கம் வேலை செய்யும் விதத்தைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்ட அறைக்குள் செல்போன் கூடாது என்பது விதி. கூட்டக் குறிப்பின் நகலும் எங்களுக்குக் கிடைப்பதில்லை. எங்கள் செயலாளர் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், போஸ்டாபீஸம்மா என்போம். கேள்வி கேட்பது அவர். கேட்டுக்கொண்டே எழுத முடியாது. எங்களில் வேகமாக எழுதத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. ஆகவே மற்ற இரண்டு நாற்காலியிலும் ஞாபகக்காரிகள் இரண்டு பேர் உட்காருவோம். கூட்டம் முடிந்ததும் சலவைக்கூடப் படிக்கட்டுக்கு வந்து, அதிகாரி சொன்னதை இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் போஸ்டாபீஸம்மா நோட்டில் எழுதுவார். இதற்கு மடிப்பது என்று பெயர். பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்க்க வேண்டும். சேரவில்லையென்றால் உதறிவிட்டு மறுபடி மடிக்க வேண்டும். பதினோரு வருடமாக எங்கள் நோட்டில் ஒரு வரி தவறென்று யாரும் சொன்னதில்லை.

4. போன வருடம் செப்டம்பர் கேள்வி நாளில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என் சம்பந்தி, அதாவது மருமகளின் அம்மா. அவரும் சலவைக்கூடத்தில் இருந்தவர்தான். சலவைக்கூடத்தில் மிஷின் ஆபரேட்டர் வேலை இன்றுவரை ஆண்களுக்கு மட்டுமே. துவைப்பதும் மடிப்பதும் பெண்கள், பொத்தானை அமுக்குவது ஆண்கள். அரசு உத்தரவுப்படி பெண்களை எப்போது போடுவீர்கள் என்று போஸ்டாபீஸம்மா கேட்டார். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் சொன்ன பதிலை எழுத்துக்கு எழுத்து இங்கே எழுதுகிறேன்: "பிழியற மிஷினுக்குப் பூட்டுமூடி கேட்டிருக்கோம். அது வந்து மாட்டினதும், ஆகஸ்டுக்குள்ள ரெண்டு பொம்பளைங்கள ஆபரேட்டரா போட்டுடறேன்." ஈரத்துணியைச் சுழற்றிப் பிழியும் மிஷினுக்கு, சுழல்வது முழுதாக நின்றபிறகே திறக்கிற மூடிதான் பூட்டுமூடி. இப்போது இருக்கும் பழைய மூடியை எந்த நேரத்திலும் திறந்துவிடலாம்.

5. படிக்கட்டில் மடித்தபோது சம்பந்தி பூட்டுமூடியைச் சொன்னார். நான் சொல்லவில்லை. மறந்து அல்ல. வேண்டுமென்றே விட்டேன்.

6. காரணத்தையும் எழுதுகிறேன், மன்னிப்புக்காக அல்ல. இதே கண்காணிப்பாளர் பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அதே மருத்துவமனையில் நிர்வாக உதவியாளராக இருந்தார். அன்று ஆபரேட்டர் வேலைக்கு நான் விண்ணப்பம் கொண்டுபோனேன். படிக்காமலே திருப்பிக் கொடுத்து, "மிஷின் என்ன உங்க வீட்டு அம்மிக்கல்லா?" என்று கேட்டுச் சிரித்தார். அறையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். நால்வரில் இருவர் இன்று உயிரோடு இல்லை. இருந்தும் அவர்கள் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. அப்படிப்பட்டவருடைய வாக்கில் ஒரு "அது வந்ததும்" ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதுவும் ஒரு சாக்குதான், மூடியாவது வருவதாவது என்று நானே முடிவு கட்டினேன். "ஆகஸ்டுக்குள்ள ரெண்டு பேர். அவ்வளவுதான் சொன்னாரு" என்றேன். சம்பந்தி, "இல்லையே சம்பந்தி, மூடின்னு ஒண்ணு சொன்னாரே" என்றார். "உங்க ஞாபகத்தப் பத்தி எனக்குத் தெரியாதா? கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை மோதிரத்தையே வீட்டுல வெச்சுட்டு வந்தவங்கதானே நீங்க" என்றேன். படிக்கட்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி வாயை மூடிக்கொண்டார். ஓரம் சேராமலேயே அந்த விரிப்பை மடித்துவிட்டோம். போஸ்டாபீஸம்மா என் வாயை நம்பி எழுதினார்.

ஒருவர் சிரித்து என் வாயை அடைத்ததற்காகப் பத்தொன்பது வருடம் கோபம் வைத்திருந்த நான், அதே வித்தையைச் சம்பந்தியிடம் காட்டினேன். இது எனக்கு உறைக்க இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

7. இந்த வருடம் செப்டம்பரில் நடந்தது தங்களுக்கே தெரியும். தங்கள் முன்னிலையில் போஸ்டாபீஸம்மா நோட்டைப் பிரித்து, ஆகஸ்ட் முடிந்துவிட்டது, பெண்கள் எங்கே என்று கேட்டார். கண்காணிப்பாளர் தம் கூட்டக் குறிப்பை எடுத்து வாசித்தார். பூட்டுமூடி அதில் இருந்தது. "பாதியை வெட்டிட்டு வந்து எங்களைப் பொய்யராக்குறாங்க ஐயா" என்றார். தாங்கள் எங்கள் பக்கம் பார்த்தீர்கள். "எங்க நோட்டுல இப்படித்தான் இருக்கு" என்று போஸ்டாபீஸம்மா நோட்டைத் தங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்றாவது நாற்காலியில்தான் நான் இருந்தேன். எனக்கு அப்போதே எல்லாம் நினைவில் இருந்தது. வாய் திறக்கவில்லை. ஊரார் தப்பையெல்லாம் தேதி போட்டுச் சொல்கிற வாய் அன்று பசை வைத்ததுபோல் ஒட்டிக்கொண்டது. தாங்கள் போட்ட உத்தரவு நியாயமானதே. பொய்ப் பதிவு கொண்டுவந்த சங்கத்தை விலக்கி வைத்தீர்கள். ஆனால் பொய் சங்கத்தினுடையது அல்ல.

8. நவம்பர் பதினொன்றாம் தேதி, சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பு, பிழியும் மிஷின் நிற்பதற்குள் ஆபரேட்டர் மூடியைத் திறந்தார். வார்டில் விரிப்பு இல்லையென்று மேலிருந்து மூன்றாவது முறையாகப் போன் வந்ததாம், அந்த அவசரம். ஒரு விரிப்பின் முனை அவர் மணிக்கட்டில் சுற்றி உள்ளே இழுத்தது. அங்கேயே வேலை பார்க்கும் என் மருமகள், பக்கத்தில் துணி பிரித்துக்கொண்டிருந்தவள், ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். கை தப்பியது, கடிகாரம் நொறுங்கியது. அந்தத் தம்பி தரையில் உட்கார்ந்து, "அக்கா, என் விரல எண்ணிச் சொல்லுங்க, எனக்குப் பாக்க பயமா இருக்கு" என்று அழுதானாம். அவள் ஐந்தும் தொட்டு எண்ணிக் காட்டியிருக்கிறாள்.

அன்று மாலை மருமகள் இதைச் சொன்னபோது சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூட்டுமூடி எங்கள் நோட்டில் இருந்திருந்தால், மார்ச் கேள்வி நாளிலேயே மூடி எங்கே என்று கேட்டிருப்போம். செப்டம்பரில் மறுபடி கேட்டிருப்போம். எதைச் சாக்கென்று வெட்டினேனோ, கேட்டிருக்க வேண்டிய கேள்வியே அதுதான்.

9. மறுநாள் படிக்கட்டில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். சங்கத்தைவிட்டுத் துரத்துவார்கள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் துரத்தியிருப்பேன். போஸ்டாபீஸம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "சரி, முனையைப் பிடிங்க. மறுபடி மடிப்போம்" என்று நோட்டைத் திறந்தார். பழைய வரியை அடித்து, சம்பந்தி சொன்னபடி திருத்தி எழுதி, பக்கத்திலேயே தேதியும் போட்டார். சம்பந்தி, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். இருபது நாள் ஆகிறது, இரண்டாம் முறை சொல்லவில்லை. இந்தப் பொறுமையை எங்கே கற்றார் என்று தெரியவில்லை. மருமகள் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. ஆபரேட்டர் வேலைக்கு விண்ணப்பித்திருப்பவள் அவள். அடுத்த நாள் காலையில் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, "குடிச்சிட்டு மனு எழுதுங்க அத்தை. எல்லாத்தையும் எழுதுங்க" என்றாள். இவர்களுக்கெல்லாம் நான் எந்தப் பிறவியில் நன்றிக்கடன் தீர்ப்பேன்?

10. கண்காணிப்பாளர் அவர்களுக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தமக்குச் சாதகமானதை மட்டும் எழுதாமல், "ஆகஸ்டுக்குள் இரண்டு பெண்கள்" என்ற வாக்கையும் தம் குறிப்பில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர். அம்மிக்கல் விஷயம் தனி. அது அப்படியே இருக்கிறது.

11. வரும் ஏப்ரலில் ஆபரேட்டர் இடங்களை நிரப்பப்போகிறார்கள். அதற்கு முந்தைய கேள்வி நாள் மார்ச் மாதம். அன்று எங்கள் நாற்காலிகள் காலியாக இருந்தால், மூடி வந்ததா என்றும் பெண்களைப் போட்டீர்களா என்றும் கேட்க அந்த அறையில் ஒரு ஆள் இருக்காது. கேட்க ஆள் இல்லாத வாக்கு என்ன ஆகும் என்பதை ஆறு கூட்டம் கழிப்பறைக்குக் காத்திருந்த எங்களைவிட யார் அறிவார்? ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து,

அ. சங்கத்தின் மீதான விலக்கை நீக்கி, மூன்று நாற்காலிகளையும் திருப்பித் தருமாறும்,

ஆ. அந்த விலக்கை என் பெயருக்கு மாற்றி எழுதுமாறும் (ஓராண்டு போதாது என்று தோன்றினால் கூட்டிக்கொள்ளலாம்),

இ. இனி ஒவ்வொரு கேள்வி நாளின் கூட்டக் குறிப்புக்கும் ஒரு நகலை அன்றைக்கே சங்கத்துக்குத் தருமாறும் (என்னைப் போன்ற ஒருத்தியின் கோபத்தை நம்பி ஒரு சங்கம் இருக்கக் கூடாது),

ஈ. ஆபரேட்டர் ஆணோ பெண்ணோ, பூட்டுமூடி மாட்டும்வரை அந்தப் பிழியும் மிஷினை ஓட்டாமல் நிறுத்திவைக்குமாறும்

பணிவுடன் வேண்டுகிறேன்.

12. என் நாற்காலியில் இனி மருமகள் உட்காருவாள். தாயும் மகளுமாக மடித்தால் சண்டை வராதா என்று கேட்டேன். "உங்களோட மடிச்சதவிடவா?" என்றார் சம்பந்தி. ஆக அவர் எல்லாவற்றையும் நினைவு வைத்திருக்கிறார். மார்ச் மாதம் நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். தாங்கள் அந்தப் பக்கம் வர நேர்ந்தால், இந்த மனுவுக்கு என்ன முடிவு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். தாங்கள் சொல்வதில் எனக்குப் பிடிக்காதது இருந்தாலும், இந்தமுறை அதையும் சேர்த்தே நினைவு வைப்பேன்.

நாள்: டிசம்பர் இரண்டாம் தேதி
இடம்: சலவைக்கூடப் படிக்கட்டு

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ரெஜிஸ்டரம்மா
(கையெழுத்து என்னுடையது. கைநாட்டு அல்ல.)

மேற்கண்டவற்றை நானும் கேட்டேன். ஓரம் சேர்கிறது.
இப்படிக்கு, சம்பந்தி
(இடது பெருவிரல் ரேகை)