முறைக்குக் காத்திருந்த எலிகள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் என் பெருமையைக் கேள். தலைகால் புரியாத சந்தோஷத்தில் எழுதுகிறேன்; கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

என் ஆய்வக எலிகளைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். பாதி எலிகளுக்குத் தினமும் காதைப் பிளக்கும் சத்தம். மீதிக்கு நிம்மதியான வாழ்க்கை. பிறகு வாலில் ஊசி குத்தி, துளி ரத்தம் எடுத்து, மன அழுத்த ஹார்மோன் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அளந்தால், சொகுசாக இருந்தவற்றுக்குத்தான் எகிறிக் கிடந்தது! நான் ரத்தம் பிடித்த குழாய்களை மாற்றி வைத்துவிட்டேன் என்று பேராசிரியை முடிவே கட்டிவிட்டார். ஆராய்ச்சியையே மூட்டை கட்டச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம்.

நேற்று கை கழுவும்போதுதான் பொறி தட்டியது. நான் எப்போதும் சத்தம் கேட்ட எலிகளிடம்தான் முதலில் ரத்தம் எடுப்பேன். மற்றவை அதே அறையில், பக்கத்துக் கூண்டுகளில். முன்னால் போனவற்றின் கீச்சொலி, ரத்த வாடை எல்லாம் அவற்றுக்குத் தெரியும். ஊசி தொடுவதற்கு முன்பே, அடுத்தது நாம்தானோ என்ற பயம் ரத்தத்தில் ஏறிவிடுகிறது. இன்று அவற்றை வேறு அறையில் வைத்து, ஒவ்வொன்றாகப் பிடித்த கையோடு ரத்தம் எடுத்தேன். அளவு அப்படியே இறங்கிவிட்டது. பேராசிரியை தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் காசில் எல்லாருக்கும் காபி வாங்கிவரச் சொன்னார். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர், அண்ணா!

வீட்டில் அப்பா உன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. அம்மா புதுத் திரைச்சீலை தைத்திருக்கிறாள். வாசலில் ஏதாவது வண்டி நின்றால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நீ போன இடத்திலேயே நிரந்தரமாகத் தங்கிவிட முடிவு செய்ததை என்னிடம் மட்டும் சொல்லி, என் வாயைக் கட்டிவிட்டாய். அவர்கள் தாங்கமாட்டார்கள் என்றாய். அதனால் விடுமுறைக்கு விடுமுறை "பார்க்கலாம்" என்றே சொல்லி வருகிறாய். நேற்று அம்மா, "இந்தத் தடவையாவது வந்துடுவானா?" என்று கேட்டாள். நான் துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

சொன்னால் வலிக்கத்தான் செய்யும். அம்மா அழுவாள், அப்பா கத்துவார். ஆனால் ஊசி குத்திய எலி கூண்டுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் தீனி தின்னப் போய்விடுகிறது. இதை நான் தினமும் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். இந்த ஞாயிறு நீயே அவர்களிடம் பேசிவிடு, அண்ணா. இனியும் அவர்களைக் காத்திருக்க வைக்காதே.

உன் பிரியமுள்ள,
தங்கை